அக்னிவீர் போகலாமா? படிப்புக் கடன் இருக்கிறது, அண்ணன்மார் வழி சொல்லுங்கள்

ஊர் குலசேகரம் பக்கம். வயது 20. இன்ஜினியரிங் இரண்டாம் வருடத்தோடு நிறுத்திவிட்டேன், அரியர் 9, அதற்குமேல் ஓட்ட முடியவில்லை. அப்பா ரப்பர் பால் வெட்டுகிறார், மழை வந்தால் வெட்டும் இல்லை கூலியும் இல்லை. வங்கியில் எடுத்த கல்விக்கடன் 2 லட்சத்து 80 ஆயிரம், கூட்டுக் கடன்தாரர் அப்பாதான். படிப்பை நிறுத்தியது தெரிந்ததும் தவணை கட்டச் சொல்லிக் கடிதம் வந்துவிட்டது. அம்மா அதை மடித்து அரிசிப் பானைக்கு அடியில் வைத்திருக்கிறாள், ஏதோ அங்கே இருந்தால் வட்டி ஏறாது என்பது போல.

என் கணக்கு இதுதான்: அக்னிவீர் என்கிற நாலு வருட ராணுவ வேலையில் முதல் வருடம் மாதம் 30,000, அதில் 9,000 சேவா நிதிக்கு (முடிவில் மொத்தமாகத் தரும் சேமிப்பு) போக கையில் 21,000. நாலு வருடம் முடிந்தால் வட்டியோடு சுமார் 11.71 லட்சம். நிரந்தரமாக எடுப்பது 25 சதவீதம் பேர் வரைதான், அதுவும் தெரியும். காலையில் 1.6 கிலோமீட்டர் ஓடிப் பார்க்கிறேன், 5 நிமிடம் 50 விநாடி, 5 நிமிடம் 30 விநாடிக்குள் வந்தால்தான் உடல்தகுதித் தேர்வில் அதற்கு முழு மதிப்பெண். புல்அப்ஸ் 7, இன்னும் மூன்று வேண்டும்.

கேட்க வேண்டியது இரண்டு. கல்லூரி என் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ அசல் சான்றிதழைத் தர மாட்டேன் என்கிறது, மீதி இரண்டு வருடக் கட்டணமும் கட்ட வேண்டுமாம். அப்படிப் பிடித்து வைக்கக் கூடாது என்று ஏஐசிடிஇ (தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்தியக் கவுன்சில்) விதி இருக்கிறதே, யாராவது எழுதிக் கொடுத்து வாங்கியிருக்கிறீர்களா? அப்புறம், தவணை நிலுவையில் இருந்தால் போலீஸ் சரிபார்ப்பில் சிக்கல் வருமா? பயிற்சி முடியும் வரை வங்கியில் அவகாசம் வாங்கியவர்கள் இருந்தால், மேலாளரிடம் என்ன சொன்னீர்கள் என்று அப்படியே எழுதுங்கள்.

“படிப்பை முடி தம்பி” என்று மட்டும் சொல்லாதீர்கள், வீட்டில் தினமும் கேட்கிறேன்.