சென்னையில் சின்னச் சம்பளத்தில் காலம் தள்ளுபவர்களே, மனதை விட்டுப் போகாத ஒரு சம்பவம் சொல்லுங்கள்

குரோம்பேட்டைக்காரன்

வீடு காலி செய்த கதைதான். அட்வான்ஸ் பற்றி இங்கே யாருக்கும் விளக்க வேண்டாம். அம்மாவின் வளையலை அடகு வைத்துக் கட்டியது. வெள்ளையடிக்க ஒரு மாத வாடகையைக் கழிப்பார்கள் என்று தெரியும், அதற்குத் தயாராகத்தான் இருந்தேன். ஆனால் ஓனர் செல்போன் டார்ச்சைப் போட்டுக்கொண்டு சுவரைத் தடவித் தடவி ஆணி ஓட்டைகளை எண்ண ஆரம்பித்தார். ஹாலில் காலண்டர் மாட்டிய ஆணி நாங்கள் குடிவரும்போதே இருந்தது. சொன்னேன். "ஓட்டை ஓட்டைதானே தம்பி" என்றார். ஓட்டைக்கு ஐம்பது ரூபாய். மனைவி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்கிறாள், குட்டியானைக்காரர் கீழே ஹாரன் அடிக்கிறார், மனிதர் நிதானமாகச் சமையலறைக்குள் போய் அங்கேயும் எண்ணுகிறார். எண்ணி முடித்துவிட்டு, "கணக்கு சரியா இருக்கான்னு நீங்களும் ஒரு தடவை பாத்துக்கங்க" என்று டார்ச்சை என் கையில் கொடுத்தார். அதைத்தான் மறக்க முடியவில்லை.

சேலை_செக்‌ஷன்

தி.நகரில் துணிக்கடை, பெயர் வேண்டாம். உட்காரவே கூடாது என்பது தெரிந்ததுதானே. கடை ஊழியர்களுக்கு உட்கார இடம் கொடுக்க வேண்டும் என்று 2021-ல் சட்டம் திருத்தினார்களே, அப்புறம் எங்கள் மாடிக்கும் ஸ்டூல் வந்தது. வந்த வாரமே அதன்மேல் பொம்மையை ஏற்றிப் பட்டுச் சேலை கட்டிவிட்டார்கள்.

ஆடித் தள்ளுபடிக் கூட்டம். ஆவணியில் பேத்தி கல்யாணம் என்று ஒரு பாட்டி வந்திருந்தார். நான் கால் மாற்றி மாற்றி நிற்பதைக் கவனித்திருக்கிறார். தனக்குப் போட்ட நாற்காலியை என் பக்கம் தள்ளி, "நீ செத்த உக்காரு தாயி, நான் நின்னே பாக்குறேன்" என்றார். தலைக்கு மேல் கேமரா. "பரவாயில்ல பாட்டி, பழகிடுச்சு" என்று சிரித்தேன். அவர் விடவில்லை, என் கையைப் பிடித்து இழுக்கிறார். அதற்குள் சூப்பர்வைசர் ஓடி வந்து, "கஸ்டமரை ஏன் நிக்க வெச்சிருக்க?" என்றார். நான் உட்காரவே இல்லை. ஆனாலும் ஃபைன் போட்டார்கள். பாட்டிக்கு இது தெரியாது, சேலை எடுத்துக்கொண்டு என்னை வாழ்த்திவிட்டுப் போனார்.

பழைய_மேன்ஷன்வாசி

நானும் திருவல்லிக்கேணி மேன்ஷனில் மூட்டைப்பூச்சியோடு குடித்தனம் நடத்தியவன்தான். ராத்திரி எழுந்து லைட்டைப் போட்டால் பக்கத்துக் கட்டில்காரரும் எழுந்து உட்கார்ந்திருப்பார், இரண்டு பேரும் விடியும்வரை ஊர்க்கதை பேசுவோம். அது கிடக்கட்டும்.

குரோம்பேட்டை தம்பி, உரிமை தெரியாமல் இருப்பதுதான் நம் முதல் பிரச்சினை. தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் 2017-ல் நிறைவேறி 2019-ல் நடைமுறைக்கு வந்துவிட்டது. பொதுவாக மூன்று மாத வாடகைதான் அட்வான்ஸ் என்கிறது அது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், பதிவும் செய்ய வேண்டும். குடிபோகும் அன்றே ஒவ்வொரு சுவரையும் போட்டோ எடுத்து ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட வேண்டும். அடுத்து சம்பளம். மாதம் 21,000 வரைக்கும் இஎஸ்ஐ, அதாவது தொழிலாளர் மருத்துவக் காப்பீடு உண்டு. நம் கையிலிருந்து போவது முக்கால் சதவீதம், முதலாளி மூன்றேகால் சதவீதம் போட வேண்டும். கே.கே.நகரிலும் அயனாவரத்திலும் பெரிய ஆஸ்பத்திரியே இருக்கிறது, ஆனால் நம் ஆட்கள் காய்ச்சல் வந்தால் தெருமுனை கிளினிக்கில் ஐந்நூறு ரூபாய் அழுதுவிட்டு வருவார்கள். ரேஷன் கார்டு ஊரில் இருக்கிறது என்று சும்மா இருக்காதீர்கள், கைரேகை வைத்து இங்கேயே அரிசி வாங்கலாம். தனியாக இருப்பவர்கள் நாலு பேராகச் சேர்ந்து சமையுங்கள், ஓட்டலில் ஒரு சாப்பாட்டுக்குக் கொடுக்கிற காசில் மறுநாள் வரைக்கும் ஓடும். சம்பளம் வந்த அன்றே ஐந்நூறோ ஆயிரமோ போஸ்ட் ஆபீஸ் ஆர்டியில், அதாவது மாதாமாதம் கட்டும் சேமிப்பில் போட்டுவிடுங்கள். மிச்சம் இருந்தால் போடலாம் என்றால் மிச்சமே இருக்காது. தினமும் வந்து வசூலிக்கும் தண்டல் கடன் பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள்.

மாடிப்போர்ஷன்

அண்ணே, ஒப்பந்தம் எழுதலாம் என்று வாயைத் திறந்தாலே "வேற வீடு பாத்துக்கோங்க" என்பார்கள். எந்த ஊரில் இருக்கிறீர்கள்?

எங்கள் வீட்டில் கரண்டுக்கு ஓனர் வைத்த சப்மீட்டர். யூனிட்டுக்கு ஒன்பது ரூபாய். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட் அரசாங்கம் இலவசமாகத் தருகிறது இல்லையா, மாடிப்படியில் வைத்து ஓனரம்மாவிடம் அதைக் கேட்டேன். சண்டையாக இல்லை, சிரித்துக்கொண்டேதான். அவரும் சிரித்துக்கொண்டே, "அது கனெக்‌ஷன் யார் பேர்ல இருக்கோ அவங்களுக்கும்மா" என்றார். மறுநாள் காலை எங்கள் குழாயில் மட்டும் தண்ணீர் இல்லை. வால்வு ரிப்பேராம். பல் தேய்க்க வாட்டர் கேனைச் சாய்த்துக்கொண்டு நிற்கிறோம், கீழே அவர் ஹோஸ் பைப்பில் வாசல் தெளிக்கிறார். என்னைப் பார்த்து, "டிபன் ஆச்சா?" என்றும் கேட்டார்.

கிண்டி_எஸ்டேட்

நான் பஸ் கதை. 2021-லிருந்து சாதாரண பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. மாதம் ஆயிரத்துக்கு மேல் மிச்சம், பொய் சொல்லமாட்டேன், பிள்ளைக்கு டியூஷன் வைத்ததே அதில்தான். ஆனால் அந்த பஸ் வர வேண்டுமே. அன்றைக்கு மழை. சைதாப்பேட்டை ஸ்டாப்பில் டீலக்ஸ் பஸ்ஸாக வந்துகொண்டிருக்கிறது, உள்ளே சீட்டெல்லாம் காலி. ஏறிவிடலாமா என்று ஒவ்வொரு தடவையும் தோன்றும், ஒரு தடவை ஏறினால் பழகிவிடும் என்று நின்றேன். கடைசியில் வந்ததில் தொங்கிக்கொண்டு போனால் கம்பெனி கேட்டில் அரைநாள் சம்பளம் கட். அந்த பஸ்ஸில் ஏறும்போதே ஒரு ஆள், "ஓசி டிக்கெட்டுங்களே ரொப்பிடுதுங்க" என்றார். திரும்பிப் பார்த்தால் எங்கள் கம்பெனி யூனிபார்ம். ஒரே லைனில் வேலை பார்க்கிறோம். அவரும் அன்றைக்கு லேட், அவருக்கும் அரைநாள் கட்.

வரிகட்டுபவன்

அந்த ஆள் சொன்னதில் என்ன தப்பு? அவர் டிக்கெட் எடுத்துத்தானே வருகிறார். அதே சம்பளம், அதே தூரம்.

கிண்டி_எஸ்டேட்

அதே சம்பளம் என்று யார் சொன்னது? அதே மெஷின்தான். அவருக்கு எங்களைவிட மூவாயிரம் அதிகம். மிச்சத்தை நீங்களே கணக்குப் போடுங்கள்.

ஐடிகார்டு

இந்தச் சண்டை நமக்கு வேண்டாம். மேன்ஷன் அண்ணன் சேர்ந்து சமைக்கச் சொல்கிறார், நைட் ஷிப்ட் முடிந்து வருகிறவனுக்கு அடுப்பு பற்றவைக்கக் கை வராது.

நான் கால் சென்டர். மாதக் கடைசியில் காலை டிபன் அம்மா உணவகத்தில்தான். 2013-ல் திறந்தபோது இட்லி ஒரு ரூபாய், இன்னும் அதே ஒரு ரூபாய்தான். சாம்பார் சாதம் ஐந்து, தயிர் சாதம் மூன்று. வெட்கப்பட ஒன்றுமில்லை என்று நினைப்பவன்தான் நான், ஆனாலும் உள்ளே போகும்போது கழுத்திலிருக்கும் கார்டைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வேன். அன்று தட்டை வாங்கிக்கொண்டு திரும்பினால், நின்று சாப்பிடும் மேடையில் எங்கள் டீம் லீடர். வார மீட்டிங்கில் எங்களைக் காய்ச்சி எடுப்பவர். அவர் கழுத்திலும் கார்டு இல்லை, பையிலிருந்து நீலக் கயிறு மட்டும் எட்டிப் பார்க்கிறது. அவரும் என்னைப் பார்த்துவிட்டார். சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பி, இட்லியைப் பிட்டுப் பிட்டு வாயில் போடுகிறார். நான் தூணுக்கு அந்தப் பக்கம் போய் நின்றேன். சாயங்காலம் ஆபீஸில் பார்த்தபோது, "என்னப்பா, சாப்டாச்சா?" என்று எப்போதும் கேட்பவர் அன்று கேட்கவில்லை. அப்புறம் என் லேட் மார்க்கைப் பற்றியும் பேசவில்லை. அது நல்லதற்கா கெட்டதற்கா என்று இன்னும் எனக்குப் புரியவில்லை.

பழைய_மேன்ஷன்வாசி

எல்லாரும் என்னையே குறை சொல்லுங்கள். சேலை செக்‌ஷன் தங்கச்சி, ஃபைன் என்ற பேரில் நினைத்தபடி சம்பளத்தில் பிடிக்க முடியாது. முதலில் சம்பளச் சீட்டில் பிஎஃப், இஎஸ்ஐ பிடித்திருக்கிறார்களா பாருங்கள்.

சேலை_செக்‌ஷன்

சீட்டு ஏது அண்ணா? கவரில் போட்டுக் கொடுத்து நோட்டில் கையெழுத்து வாங்குவார்கள். தொகை எழுதிய இடத்தை கேஷியர் ஸ்கேலால் மூடிக்கொள்வார், கையெழுத்துப் போடுகிற கட்டம் மட்டும் தெரியும்.

பழைய_மேன்ஷன்வாசி

ஆதாரில் இருக்கிற செல்போன் நம்பர் கையில் இருக்கிறதா? அதை வைத்து உங்கள் பேரில் பிஎஃப்புக்கான யுஏஎன் எண் இருக்கிறதா என்று பார்க்கலாம். தனியாக மெசேஜ் போடுங்கள்.