எல்லாக் குழுக்களும் செயலியே வரைகின்றன, என்ன செய்வது?

தேக்கா வாத்தியார்:
சிங்கப்பூரின் பலதுறைத் தொழிற்கல்லூரி ஒன்றில் மனிதர்–கணினி ஊடாட்டம் கற்பிக்கிறேன். முதியோருக்கு உதவும் எதையாவது வடிவமைக்கச் சொன்னால், எல்லாக் குழுக்களும் செயலியோடு வந்து நிற்கின்றன. பெரிய எழுத்து, மருந்து நேரத்துக்கு மணி, மூலையில் ஓர் அரட்டைப் பொறி. சுவரெல்லாம் ஒட்டுத்தாள். முதியவர் யாரிடமாவது பேசினீர்களா என்றால், “பாட்டியிடம் வாட்ஸ்அப்பில் கேட்டோம்” என்கிறார்கள். படைப்பாற்றலுக்கு மதிப்பெண் வேறு போட வேண்டும். எதைப் பார்த்துப் போடுவது?

கோட்டோவியக்காரி:
அண்ணா, போன ஆண்டின் சிறந்த படைப்பைக் காட்டிவிட்டுத்தான் வேலை கொடுக்கிறீர்களா? நிறுத்திவிடுங்கள். மாதிரியைப் பார்த்தவர்கள் அதன் குறைகளையும் சேர்த்தே நகலெடுப்பதை ஜான்சன், ஸ்மித் என்ற ஆய்வாளர்கள் 1991ஆம் ஆண்டிலேயே காட்டிவிட்டார்கள்.

அடுத்து, மடிக்கணினியை மூடச் சொல்லிப் பாதசாரிகள் கடக்கும் இடத்துக்கு அழைத்துப் போங்கள். 2009 முதல் இங்கே ‘கிரீன் மேன் பிளஸ்’ இருக்கிறது. முதியவர் தம் சலுகை அட்டையைக் கம்பத்தில் தட்டினால், சாலையின் அகலத்துக்கேற்ப 3 முதல் 13 வினாடிவரை பச்சை விளக்கு கூடுதலாக எரியும். பதிவிறக்கம் இல்லை, கடவுச்சொல் இல்லை, பையில் ஏற்கெனவே கிடக்கும் அட்டைதான். யார் தட்டுகிறார்கள், யார் தட்டாமலே விரைகிறார்கள் என்று குறிக்கட்டும். காரணத்தை ஊகிக்கக் கூடாது. போய்க் கேட்க வேண்டும். (கூச்சப்படுவார்கள். படட்டும்.)

பிறகு எட்டு நிமிடத்தில் எட்டு யோசனைகளைப் படமாக வரையச் சொல்லுங்கள். முதல் மூன்று எல்லோருக்கும் ஒன்றாகவே வரும். திணறல் தொடங்கிய பிறகு வருபவைதான் பார்க்கத்தக்கவை. கைவிட்ட யோசனைகளுக்கும் கைவிட்ட காரணத்துக்கும் மதிப்பெண் போடுங்கள், இறுதித் திரையின் பளபளப்புக்கு அல்ல.

பொங்கோல்வாசி:
புதுமை புதுமை என்று விரட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. 2024 ஜனவரியை நினைத்துப் பாருங்கள். சலுகை அட்டை இல்லாத பயணிகளின் பழைய பேருந்து, ரயில் அட்டைகளை விலக்கி, அவர்களைச் சிம்பிளிகோவுக்கு, அதாவது மீதித்தொகையை அட்டையில் அல்லாமல் இணையக் கணக்கில் வைக்கும் முறைக்கு, மாற்றப் போவதாக நிலப் போக்குவரத்து ஆணையம் அறிவித்தது. பயணக் கட்டணமும் மீதித்தொகையும் நுழைவாயிலில் தெரியாது என்று மக்கள் கொதித்தார்கள். 22ஆம் தேதி முடிவு மாறியது. பழைய முறையைத் தொடர அரசுக்கு 40 மில்லியன் வெள்ளி செலவு. அந்தச் சிறிய எண் பயணிக்கு ஏன் தேவைப்பட்டது என்பதை மாணவர்கள் முதலில் எழுதட்டும்.

தேக்கா வாத்தியார்:
இரண்டையும் சேர்க்கிறேன். ஆனால், கைவிட்ட யோசனைக்கு மதிப்பெண் என்றால் கடைசி இரவில் பத்துப் போலி யோசனைகளை உருவாக்கிவிடுவார்களே?

கோட்டோவியக்காரி:
வீட்டுக்குக் கொடுத்தனுப்பாதீர்கள், அண்ணா. வகுப்பிலேயே பேனாவால் வரைந்து, தேதியிட்டு, மணி அடிக்குமுன் வாங்கிவிடுங்கள்.