மறு: தனியார்வழி விண்பயணம், மீளடுக்கு ஏவூர்தி

வணக்கம் ஐயா. ஆங்கிலத்தில் private astronaut mission, reusable rocket என்பவற்றுக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று நீங்கள் எழுதியதற்கு என் பதில்.

> 'விண்வெளிச் சுற்றுலா' என்றே வைத்துவிடலாமே. காசு கொடுத்துப் போகிறவர் சுற்றுலாப் பயணிதானே?

அமெரிக்கச் செல்வந்தர் டென்னிஸ் டிட்டோவுக்கு வேண்டுமானால் பொருந்தும். 2001இல் சொந்தக் காசில், ரஷ்யாவின் சோயுஸ் கலத்தில் ஏறிப் போய்வந்தார். ஆனால் ஆக்சியம் ஸ்பேஸ் என்ற அமெரிக்கத் தனியார் நிறுவனம் பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்கு நடத்திய, 2025 ஜூன் 25 அன்று கிளம்பிய ஆக்சியம்-4 பயணத்தைப் பாருங்கள். சுபான்ஷு சுக்லா இந்திய விமானப்படை அதிகாரி, அனுப்பியது இஸ்ரோ, செலவு அரசுடையது. போலந்துக்காரரும் ஹங்கேரிக்காரரும் அவரவர் நாட்டின் சார்பில் போனவர்கள். சொந்தக் காசு கட்டி வேடிக்கை பார்க்க ஏறியவர் அந்தக் கலத்தில் ஒருவரும் இல்லை. ஆனாலும் நாசாவின் கணக்கில் அது தனியார் பயணம்.

> 'தனியார் விண்வெளி வீரர் பயணம்': ஆங்கிலத்துக்கு நேர்.

நேர்தான். அதிலுள்ள கோளாறும் நேராகவே வந்துவிடுகிறதே! இதில் தனியார் யார், சுக்லாவா? தனியாருடையது ஏற்பாடு மட்டும்தான். ஆக்சியம் ஸ்பேஸ் ஆள் சேர்க்கிறது, பயிற்சிக்கு வழிசெய்கிறது, ஸ்பேஸ்எக்ஸிடம் ஏவூர்தியையும் டிராகன் கலத்தையும் அமர்த்துகிறது, நிலையத்தில் தங்க நாசாவிடம் இடம் வாங்குகிறது. 2022 ஏப்ரலில் ஆக்சியம்-1இல் மூன்று பேர் தங்கள் பணத்தில் போனார்கள். ஆளுக்கு ஐந்தரைக் கோடி டாலர் என்று செய்தி வந்தது. மறு ஆண்டே சவூதி அரசு இருவரை அனுப்பியது. 2024இல் இத்தாலி, துருக்கி, சுவீடன் ஆட்கள். பணம் கட்டுகிறவர் பயணத்துக்குப் பயணம் மாறுகிறார், நடத்துகிறவர் மாறவில்லை. மாறாததை வைத்தே பெயரிடுவோம்: 'தனியார்வழி விண்பயணம்'. டிட்டோ போனதை 'தன்செலவு விண்பயணம்' என்று பிரித்துச் சொல்லிக்கொள்ளலாம். ஆக்சியம்-1க்கு இரண்டுமே பொருந்தும், அதில் தவறில்லை.

'வீரர்' கழன்றுபோனதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆக்சியம்-2க்கும் 4க்கும் தலைமை ஏற்றவர் முன்பு நாசாவில் இருந்த பெகி விட்சன் என்ற பெண். ஒவ்வொரு வரியிலும் வீரர், வீராங்கனை என்று மாற்றி மாற்றி எழுதிச் சலித்துவிட்டது. 'விண்பயணி' இருபாலுக்கும் பொதுவானதுதான், ஆனால் விட்சனைப் பயணி என்றால் உறுத்துகிறது. இந்தப் பயணங்களுக்கு முன்னாள் நாசா ஆள் ஒருவரே தலைமை தாங்க வேண்டும் என்பது அப்போது நாசாவின் விதியாக இருந்தது; தலைமை தாங்குபவர் கலத்தின் பொறுப்பாளர். எனவே கடலோடி போல 'விண்ணோடி'.

> 'மறுபயன்பாட்டு ஏவுகணை'

ஏவுகணை வேண்டவே வேண்டாம், அது ஆயுதம். நாளிதழ்கள் இரண்டையும் குழப்புவது போதும்.

'மறுபயன்பாடு' முழு ஊர்தியும் திரும்பிவருவதாக நினைக்கவைக்கிறது. ஸ்பேஸ்எக்ஸின் ஏவூர்தியான ஃபால்கன்-9இன் இரண்டு அடுக்குகளில் திரும்புவது கீழடுக்கு மட்டும். மேலடுக்கைப் பிரித்துவிட்டபின், மிச்சம் வைத்த எரிபொருளில் மறுபடி பொறிகளை மூட்டி, வேகத்தைக் குறைத்து, கடைசி நொடிகளில் கால்களை விரித்துக் கடல்மேடையிலோ தரையிலோ நிற்கிறது. மேலடுக்கு போனது போனதுதான். அதனால் 'மீளடுக்கு' என்கிறேன். மீள்வது என்றால் திரும்புவது. 'மீள' என்றால் மறுபடியும். இரண்டு வேலையும் ஒரே சொல்லில் முடிகிறது.

இன்னொரு வசதியும் உண்டு. ஆக்சியம்-1ஐத் தூக்கிய அடுக்குக்கு அது ஐந்தாம் பறப்பு. ஆக்சியம்-2இல் இருந்ததோ புத்தம் புதியது, ஏவியபின் கேப் கனாவெரலிலேயே தரையிறங்கியது. புதியதை 'மறுபயன் அடுக்கு' என்றால் ஏற்கெனவே பறந்தது என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். 'மீளடுக்கு' புதியதற்கும் பழையதற்கும் சரிவரும்.

இஸ்ரோவின் புஷ்பக் சோதனை ஊர்தி போலச் சிறகோடு இறங்குபவற்றுக்கு இது ஒட்டாது. அவற்றுக்கும் டிராகனுக்கும் சேர்த்து 'மீள்கலம்' சொல்லிப் பார்த்தேன்; ஆட்சேபம் இருந்தால் எழுதுங்கள்.

கலம் நிலையத்தோடு பொருந்துவதற்கு 'இணைதல்' போதாது என்று நீங்கள் சொன்னதை ஏற்கிறேன். அதற்குத் தனி மடல் இழை தொடங்குங்கள், இதில் கலந்தால் தேடி எடுக்க முடியாது.