செஸ்னா 152 சிறுவிமானம்: எஞ்சின் ஒயில், டிசிபி (TCP, எரிபொருளில் கலக்கும் திரவம்) பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் அண்ணாமார், அக்காமார். திருகோணமலையில் செஸ்னா 152 ஒன்றின் பராமரிப்பில் கைகொடுக்கிறேன். எஞ்சின் லைகமிங் ஓ-235. ஒயில் ஃபில்டர் பூட்டியிருப்பதால் 50 மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஒயில் மாற்றுகிறோம். மாரியில் பறப்புக் குறைவு. மணித்தியாலம் ஏறாவிட்டாலும் 4 மாதத்தில் மாற்றச் சொல்கிறது எஞ்சினைத் தயாரிக்கும் லைகமிங் நிறுவனம். இங்கே சீனக்குடா விமான நிலையத்து உப்புக்காற்றுக்கு அந்த 4 மாதமே நீண்ட இடைவெளி என்றுதான் எனக்குப் படுகிறது. விமானம் சும்மா நின்றால் எஞ்சினுக்குள் வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்டில் துரு ஏறிவிடும். நீங்கள் எப்போது மாற்றுகிறீர்கள்?

அப்புறம், 100எல்எல் (100LL) விமானப் பெற்றோலின் ஈயம் கீழ்ப்பக்க ஸ்பார்க் பிளக்குகளில் சாம்பல் நிறத்தில் மணிமணியாகப் படிகிறது. அந்த ஈயப் படிவைக் குறைக்க டிசிபி கலப்பவர்கள் இருக்கிறீர்களா? பிளக் உண்மையாகவே சுத்தமாக இருக்கிறதா, இல்லை விமானத்தைத் தரையில் ஓட்டும்போது (டாக்ஸி) மிக்ஸ்சரில், அதாவது காற்றோடு சேரும் கலவையில், எரிபொருளைக் குறைத்தாலே போதுமா? டிசிபி நச்சுத் திரவம் என்பதால் அளந்து ஊற்றும் முறையையும் சொல்லுங்கள். கார்க்கடை ஒக்டேன் பூஸ்டர் ஆலோசனை மட்டும் வேண்டாம், ப்ளீஸ்.