பென்டியம் 3-இல் 'இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்': எஸ்எஸ்இ2 எங்கிருந்து நுழைகிறது?

வணக்கம் நண்பர்களே. 64-பிட் லினக்ஸ் கணினியில் ஒரு சி நிரலை பென்டியம் 3-க்காக கம்பைல் செய்கிறேன். கான்ஃபிகரில் (பில்டுக்கு முன் அமைப்புகளைத் தீர்மானிக்கும் ஸ்கிரிப்ட்) ஹோஸ்ட் ஐ686; ஜிசிசி கம்பைலருக்கு எம்32 (32-பிட்), மார்ச் பென்டியம்3 (அந்த சிபியுவுக்கான கட்டளைகள் மட்டும்) இரண்டும் கொடுத்தாயிற்று. பில்டு பிழையில்லாமல் முடிகிறது, பழைய பென்டியம் 3 கணினியில் ஓட்டியதும் 'இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்' (சிபியுவுக்குத் தெரியாத கட்டளை) என்று நின்றுவிடுகிறது.

ஜிடிபி டீபக்கரில் பார்த்தால் நின்ற இடம் 'மூவ்ஏபிடி'. அது எஸ்எஸ்இ2 என்ற கூடுதல் சிபியு கட்டளைத் தொகுப்பைச் சேர்ந்தது. பென்டியம் 3-இல் எஸ்எஸ்இ மட்டும்தான், எஸ்எஸ்இ2 வந்ததே 2000-இல் பென்டியம் 4-உடன். மேக் கிளீன் செய்தால் பழைய கான்ஃபிக் ஹெடர் அப்படியே இருக்கும் என்பதால் அதையும் அழிக்கும் டிஸ்ட்கிளீனும் செய்தாயிற்று.

துணை நூலகத்தின் கான்ஃபிகர் பில்டு கணினியின் சிபியுவைப் பார்த்து எம்எஸ்எஸ்இ2 (எஸ்எஸ்இ2-ஐ அனுமதிக்கும் ஜிசிசி தேர்வு) சேர்க்கிறதா, ஸ்டாட்டிக்காக இணைத்த நூலகமே அப்படிக் கட்டப்பட்டதா? பைனரியில் உள்ள கட்டளைகளைக் காட்டும் ஆப்ஜ்டம்ப்பில் தேடினால், ஓடும்போது சிபியுவைச் சோதித்துத் தேர்வாகும் முறையான எஸ்எஸ்இ2 பகுதிகளும் சேர்ந்து வருகின்றன. குற்றவாளி கோப்பை மட்டும் பிரித்தெடுக்க வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.