1:35 பாய்மரப் பந்தயப் படகு மாதிரி: தளச் சாமான்களைப் பொருத்தியதும் பொம்மைத் தோற்றம் வருகிறது, உதவி தேவை

கேள்வி (குளச்சல்)

அனைவருக்கும் வணக்கம். இங்கிலாந்தின் காஸ்போர்ட்டில் கேம்பர் அண்ட் நிக்கல்சன்ஸ் நிறுவனம் 1934இல் கட்டிய 'எண்டெவர்' என்னும் ஜே வகுப்புப் (1930களின் பெரிய பந்தயப் பாய்மரப் படகு வகை) படகின் மாதிரியை 1:35 அளவில் செய்து வருகிறேன். உண்மைப் படகின் நீளம் ஏறத்தாழ 39.5 மீட்டர், எனவே மாதிரி 1.13 மீட்டர் வருகிறது. உடற்பகுதியும் பாய்மரமும் நிறைவாக அமைந்துள்ளன. ஆனால் மேல்தளத்தில் வின்ச் (கயிற்றைச் சுற்றி இறுக்கும் உருளை), ஓரக் கைப்பிடிக் கம்பிகள், தளவீடு (தளத்தின் மேல் எழும் சிறு அறை) ஆகியவற்றை வைத்துப் பார்த்ததும் படகு சிறுத்துப் பொம்மையைப் போலத் தெரிகிறது. பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளுக்கு 1 மில்லிமீட்டர் கறுப்புக் கயிறும், பாய்களுக்குத் தையல் இயந்திரத்தில் ஓட்டிய காடாத் துணியும் பயன்படுத்தியுள்ளேன். பித்தளைச் சாமான்கள் பளபளவென்று மின்னுகின்றன. எதை மாற்ற வேண்டும், எந்த வரிசையில் மாற்ற வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

பதில் (பாறசாலை)

வணக்கம் தம்பி. முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்துங்கள்: நீங்கள் செய்வது 1934ஆம் ஆண்டின் எண்டெவரா, இன்று கடலில் ஓடும் எண்டெவரா? இணையத்தில் கிடைக்கும் வண்ணப் படங்களில் பெரும்பாலானவை, நெடுங்காலம் பாழடைந்து கிடந்த அந்தப் படகைச் சீரமைத்து 1989இல் மீண்டும் நீரில் இறக்கிய பிறகு எடுக்கப்பட்டவை. ஓரக் கைப்பிடிக் கம்பிகள், பெரிய தளவீடு, விசையால் சுழலும் வின்ச்சுகள் எல்லாம் அந்தப் பிற்காலத்தைச் சேர்ந்தவை. 1934இல் அமெரிக்கக் கோப்பை என்னும் பாய்மரப் படகுப் போட்டிக்காக 'ரெயின்போ' என்ற அமெரிக்கப் படகை எதிர்த்து ஓடிய எண்டெவரின் தளம் ஏறக்குறைய வெறுமையாகவே இருந்தது. அந்த நீண்ட வெறுமைதான் அதன் அழகு. இரண்டு காலங்களையும் ஒரே தளத்தில் வைத்தால், ஒவ்வொரு உறுப்பும் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் மொத்தமாகப் பார்க்கும்போது கண் ஒப்புக்கொள்ளாது.

அடுத்தது தடிமன். எதைப் பொருத்துவதற்கு முன்பும் அதன் அளவை 35ஆல் பெருக்கிப் பாருங்கள். உங்கள் 1 மில்லிமீட்டர் கயிறு, உண்மைப் படகில் 35 மில்லிமீட்டர் கம்பியாகிவிடும். அரை மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். 1.7 மீட்டர் உயரமுள்ள மாலுமி உங்கள் தளத்தில் 48.6 மில்லிமீட்டர்தான் நிற்பார். அட்டையில் அந்த உயரத்துக்கு ஓர் ஆளை வெட்டி, ஒவ்வொரு வின்ச்சின் அருகிலும் நிறுத்திப் பாருங்கள். கைக்கு எட்டாத பிடியும் முழங்காலைத் தாண்டிய விளிம்பும் உடனே கண்ணில் படும்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி அண்ணாச்சி. 1934 என்றே முடிவு செய்கிறேன். கைப்பிடிக் கம்பிகளையும் தளவீட்டையும் எடுத்துவிடுகிறேன். தளப் பலகைகளுக்கு இடையிலான கலப்பற்றுக் கோடுகளை (நீர் புகாமல் இடுக்கை அடைத்த கறுப்புக் கோடுகள்) எப்படிக் காட்டுவது? கறுப்பு நூல் வைத்துப் பார்த்த துண்டு மிகத் தடிமனாகத் தெரிகிறது.

பதில் (பாறசாலை)

நூல் வேண்டாம். 6 மில்லிமீட்டர் இடுக்கு உங்கள் அளவில் 0.17 மில்லிமீட்டர்தான். ஒவ்வொரு பட்டையிலும் ஒரு விளிம்பில் மட்டும் மென்மையான பென்சிலைத் தேய்த்து ஒட்டினால் போதும். இரு விளிம்பிலும் தேய்த்தால் கோடு இரட்டித்துவிடும். பட்டைகள் நேராக ஓடாமல் படகின் ஓரத்தோடு சேர்ந்து வளைந்து சென்று, நடுப்பலகையில் வெட்டிய பல்லுக்குள் முனை மழுங்கி அமர வேண்டும். பந்தயப் படகின் தளத்தை அடையாளம் காட்டுவதே இந்த முனைகள்தான். நேரம் செலவழிக்கத் தகுந்த இடமும் இதுவே. மரத்துக்கு மஞ்சள் கடம்பு நல்லது, அதன் இழை மிக நுண்ணியது. தேக்கின் இழை இந்த அளவுக்குப் பெரிது. நம் பக்கம் இரண்டு பருவமழையும் பெய்வதால், பட்டைகளைச் சில வாரங்கள் வீட்டுக்குள் காற்றாட வைத்த பிறகே ஒட்டுங்கள்.

பதில் (வடசேரி)

எங்கள் குடும்பத்தில் நகை வேலை செய்கிறோம் என்பதால் பித்தளை பற்றி மட்டும் சொல்கிறேன். கம்பியை முறுக்கி விறைப்பாக்கும் டர்ன்பக்கிள்களைக் கடையில் வாங்கினால் இந்த அளவுக்குப் பெரிதாகவே கிடைக்கும். 1.2 மில்லிமீட்டர் பித்தளைக் குழாயைத் துண்டாக்கி, இரு முனையிலும் மெல்லிய கம்பி வளையத்தைச் செருகிப் பற்றவைத்தால் போதும். கம்பியை இழுத்து மெலிதாக்கும் அச்சு எந்த நகைப் பட்டறையிலும் இருக்கும், கேட்டால் 0.4 மில்லிமீட்டர் வரை இழுத்துத் தருவார்கள். பற்றவைத்ததும் சோப்பு நீரில் நன்றாகக் கழுவிவிடுங்கள். பற்றுப்பொடி தங்கினால் பச்சைக் களிம்பு ஏறும். பிறகு ஒருமுறை புளியிட்டுத் தேய்த்துக் கழுவி, வார்னிஷ் பூசாமல் திறந்த அலமாரியில் விட்டுவையுங்கள். குளச்சலின் உப்புக்காற்றே சில வாரங்களில் அந்த மினுமினுப்பைத் தணித்துவிடும். அதுவரை வெறுங்கையால் தொடாதீர்கள், விரல் பட்ட இடம் தனியாகக் கறுக்கும்.

பதில் (தேங்காய்ப்பட்டணம்)

பாய்களைக் குறித்து ஒரு வார்த்தை. 2 மில்லிமீட்டர் தையல் உங்கள் அளவில் 70 மில்லிமீட்டர் தையலாகிவிடும். எந்தப் பாயிலும் அப்படி இருக்காது. காடாவை விட்டுவிட்டு மெல்லிய மல் துணியை எடுங்கள். அன்றைய பாய்கள் பருத்திதான், எனவே நீர்த்த தேயிலைச் சாயத்தில் ஒருமுறை நனைத்தால் சரியான வெண்மஞ்சள் கிடைக்கும். துணி இணைப்புகளைக் கூரான கடினப் பென்சிலால், பின்விளிம்புக்குச் செங்குத்தாக வரைந்தால் போதும். விறைப்புக்குக் கஞ்சி போட்டால் பூச்சி வரும். நீர்த்த ஃபெவிகாலைத் தடவி, பலூனின் வளைவின் மேல் காயவிடுங்கள், காற்றுப் பிடித்த வயிறு நிற்கும். விளிம்புக் கயிற்றைப் பாயின் இடப்பக்கத்தில்தான் தைக்க வேண்டும். இருட்டிலும் மாலுமியின் கை தடவிப் பக்கத்தை அறிவதற்காக ஏற்பட்ட வழக்கம் அது.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. தளம், பித்தளை, பாய், கடைசியாகக் கம்பிகள் என்ற வரிசையில் செய்யலாமா?

பதில் (பாறசாலை)

செய்யலாம். ஆனால் கம்பிகளைக் கட்டும் இரும்புக் காதுகளைத் தளம் போடும்போதே உள்ளிருந்து ஆணியடித்துப் பொருத்திவிடுங்கள். பிறகு ஒட்டியவை இழுவிசை தாங்காமல் பிடுங்கிக்கொள்ளும். கம்பிகளை இடமும் வலமும் மாறி மாறிச் சிறிது சிறிதாக இறுக்கி, பாய்மரம் சாயவில்லை என்று பின்புறத்திலிருந்து பார்த்துக்கொள்ளுங்கள்.