பந்தை யார் வீசினால் என்ன, ரிசீவர் நல்லவராக இருந்தால் போதாதா?

ஞாயிறுரசிகன்:
மூன்று சீசனாக என்எஃப்எல் (அமெரிக்க ஃபுட்பால் லீக்) பார்க்கிறேன். ஆபீஸ் ஃபேன்டஸி லீகில் (நிஜ வீரர்களைத் தேர்ந்து, அவர்கள் ஆட்டத்தை வைத்துப் புள்ளி எண்ணும் போட்டி) ரிசீவரை, அதாவது வீசிய பந்தைப் பிடிக்கிறவரை, எடுக்கும்போதுதான் குழம்பிப் போகிறேன். 2022-இல் ரிசீவர் டவாண்டே ஆடம்ஸ், தனக்குப் பந்து வீசிய ஆரன் ராஜர்ஸை விட்டு ரெய்டர்ஸ் அணிக்குப் போனார். முந்தைய வருடம் பந்தைப் பிடித்து எடுத்த தூரம் 1,553 யார்டு. அங்கே பெரும்பாலும் டெரெக் கார் வீச, 1,516. டச்டவுன் (பந்தோடு எதிரணியின் கோட்டை எட்டுவது) 11-இலிருந்து 14 ஆக ஏறவே செய்தது. அப்படியானால் பந்தை வீசும் க்வார்ட்டர்பேக்கைப் பார்த்து ஆள் எடுப்பது வீண் வேலையா?

நாலாவதுடவுன்:
ஆடம்ஸை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். அவரும் காரும் ஃப்ரெஸ்னோ ஸ்டேட் கல்லூரியில் ஒன்றாக ஆடியவர்கள். பழைய கூட்டாளிகள்.

பழையபாஸ்டன்காரன்:
எனக்கு பேட்ரியாட்ஸ் அணியின் 2008 சீசன் ஒன்றே போதும். அதற்கு முந்தைய வருடம் டாம் பிரேடி வீச, ராண்டி மாஸ் பிடித்த டச்டவுன் 23. ஒரே சீசனில் இன்றுவரை அதுதான் சாதனை. யார்டு 1,493. 2008-இல் முதல் ஆட்டத்திலேயே பிரேடிக்கு முழங்கால் போயிற்று. மறுநாள் எங்கள் ஆபீஸ் இழவு வீடு மாதிரி இருந்தது. மீதி சீசனுக்கு வந்தவர் மேட் கேசல், கல்லூரியில்கூட க்வார்ட்டர்பேக்காக ஒரு ஆட்டத்தையும் தொடங்காதவர். மாஸ் 1,008 யார்டு, 11 டச்டவுனுக்கு இறங்கினார்.

சரி, அவருக்கு வயதும் ஒன்று கூடியதே என்பீர்கள். அப்படியானால் அதே அணியில் வெஸ் வெல்கரைப் பாருங்கள். பிரேடியோடு 112 கேட்ச், 1,175 யார்டு. கேசலோடு 111 கேட்ச், 1,165 யார்டு! டச்டவுன் மட்டும் 8-இலிருந்து 3.

வெல்கருக்கு வருவது பெரும்பாலும் பக்கத்துப் பந்து. ஓரளவு கை இருப்பவர் போட்டுவிடலாம். மாஸ் 40 யார்டு ஓடுகிறவர். அந்தப் பந்து கிளம்பும்போது அவர் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார். அரை நொடி தாமதமானால் வேகத்தைக் குறைத்துக் காத்திருக்க வேண்டும், அதற்குள் ரிசீவரைத் தடுக்க நிற்கும் கார்னர்பேக் வந்து ஒட்டிக்கொள்வார்.

சனிக்கிழமைகளில் நாங்கள் பூங்காவில் ஃப்ளாக் ஃபுட்பால் (ஆளை மோதித் தள்ளாமல் இடுப்புத் துணியைப் பறிக்கிற வகை) ஆடுவோம். வழக்கமாக வீசுகிற நண்பர் வராத ஒருநாள், இன்னொருவர் வீசினார். நான் குறுக்கே ஓடினால் பந்து முதுகுக்குப் பின்னால் வந்தது. உடம்பைத் திருகிக் கையை நீட்டியதில் சுண்டுவிரல் மடங்கி, இரண்டு வாரம் ஸ்பூனில்தான் சோறு. கேட்ச் விட்டவன் என்ற பெயரும் எனக்குத்தான்.

நாலாவதுடவுன்:
அப்போ டியாண்ட்ரே ஹாப்கின்ஸ்? 2015-இல் ஹூஸ்டனுக்கு நான்கு பேர் மாறி மாறி வீசினார்கள், ஒருவரும் பெரிய கை இல்லை. மனிதர் 1,521 யார்டு எடுத்தார்.

பழையபாஸ்டன்காரன்:
அவரை நோக்கி மட்டும் 192 பந்து போட்டார்கள் அண்ணா. 111 பிடித்தார். அடுத்த வருடம் பெரிய சம்பளத்துக்கு ப்ராக் ஆஸ்வைலரை வீசக் கொண்டுவந்தார்கள், இவர் 954 யார்டுக்கு விழுந்தார். ஹாப்கின்ஸ் கைக்கே அந்தப் பாடு.

ஞாயிறுரசிகன்:
ஐயோ. நான் எடுத்து வைத்திருப்பவர் நீளப் பந்துக்காரர், வீசப் போவது முதல் வருடப் பையன். மாற்றிவிடவா?

பழையபாஸ்டன்காரன்:
ஸ்லாட்டில், அதாவது ஓரத்தில் நிற்காமல் உள்பக்கமாக நின்று, வெல்கர் மாதிரி ஆடுகிற ஆள் கிடைத்தால் மாற்றலாம், டச்டவுனுக்கு மட்டும் ஆசைப்படாதீர்கள். உங்கள் லீகில் கேட்சுக்குத் தனிப் புள்ளி உண்டா? அதை முதலில் சொல்லுங்கள்.